ஜீவிதா சிரித்த படம்

கைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை, மேடம். நாள் முழுக்கக் களை எடுக்கிற கை, பூப் பறிக்கிற கை, டிராக்டர் ஓட்டுகிற கை. கேமரா முன்னால் வந்து நின்றதும் யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி அவை தொங்கும். ஆண்கள் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் முந்தானை நுனியைத் திருகித் திருகியே கசக்கிவிடுவார்கள். புதிதாகப் படம் எடுக்க வருகிறவனுக்கு முதல் தலைவலி இதுதான். லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் யூடியூப்பில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். எதிரே நிற்கிற ஆளை என்ன செய்யச் சொல்வது என்பது மட்டும் அதில் பிடிபடுவதில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் ஆரம்பம் அதுதான். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவருக்கும் வசதியாக இருக்கும்.

பெயர் முகேஷ்குமார். சொந்த ஊர் கன்னிவாடி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். என் மனைவியும் அங்கேதான். கேமரா ஆசையில் நான் மட்டும் வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு மாடியில் ஸ்டூடியோ போட்டேன். மகள் பெயரையே வைத்தேன், தமிழ்நிலா போட்டோகிராபி என்று. முதல் கல்யாண ஆல்பத்தைப் பெண் வீட்டார் புரட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் சித்தப்பா மூடி வைத்துவிட்டு, "என்னப்பா, அம்புட்டுப் பேரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரில்ல இருக்காக" என்றார். அடுத்த ஆல்பமும் அதே கதிதான். அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை.

நான் சொன்னதெல்லாம் தப்பாகவே போனது. "சிரிங்க" என்றால் பல்லைக் காட்டினார்கள். "சாதாரணமா நில்லுங்க" என்றால் இன்னும் விறைத்துப்போனார்கள். ஒரு மாப்பிள்ளையின் தாடையை நானே பிடித்துத் திருப்பப்போய், அவன் தாய்மாமன் என்னை அடிக்கவே வந்துவிட்டார். அந்த மாதங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மில் வேன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் என்னைத் தின்றது. வேறு எதையும் நான் காரணமாகச் சொல்லப்போவதில்லை.

வழி கிடைத்தது என் மகளிடமிருந்துதான். ஒருநாள் அவளை உட்கார வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். மூஞ்சியை உம்மென்று வைத்திருந்தாள். "ஏய் நிலா, அந்தா அம்மா வந்துட்டா பாரு" என்றேன். அவள் அம்மா அப்போது மில்லில் இருந்தாள். பிள்ளை வாசலைப் பார்த்தது. மேடம், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கை, கால், கழுத்து எல்லாம் தானாகவே அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. போஸைச் சொல்லக் கூடாது. ஒரு நினைப்பைக் கொடுக்க வேண்டும். நினைப்பு உள்ளே போனால் உடம்பு தானாக நிற்கும். அதன் பிறகு மகளிடம் அதையே சொல்லிச் சொல்லி நிறையப் படம் எடுத்தேன். இப்போதெல்லாம் நான் சொன்னால் அவள் வாசலைப் பார்ப்பதில்லை. பரவாயில்லை, பழகத்தானே எடுத்தது.

சோலைமலை ஐயா கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். சேவுகம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். முகூர்த்த நாள், நல்ல போட்டோகிராபர் எல்லாருக்கும் வேலை இருந்தது, அதனால் என்னிடம் வந்தார். அவருடைய இளைய மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம். பத்தொன்பது வயது. நர்சிங் சேர்ந்து பாதியில் நிறுத்தப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை ராமர், அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். என் ஊர்க்காரர்தான், கன்னிவாடியில் தோட்டமும் டிராக்டரும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் வைத்து ஒரு அவுட்டோர் ஷூட், அதில் நல்லதாக ஒன்றை எடுத்து மண்டப வாசலுக்கு பிளக்ஸ், பிறகு கல்யாண ஆல்பம். மொத்தமும் எனக்கே என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் இருக்கிறது. கட்டிக்காத்து வைத்திருக்கிற பெண்ணைச் சுற்றி நிற்கிறவர்களை, "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று சொல்லும் உரிமை இந்த ஊரில் போட்டோக்காரனுக்கு மட்டும்தான் உண்டு. பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பெண் கூச்சப்படும், முகம் சரியாக விழாது. அது எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னதும் சோலைமலை ஐயா, அவர் சம்சாரம், சித்திமார், எல்லாரும் மறுபேச்சில்லாமல் தென்னந்தோப்பு நிழலுக்குப் போய்விட்டார்கள். ராமர் வேறு சட்டை மாற்றப் போயிருந்தார். மல்லிகைப் பாத்திக்கு நடுவில் அந்தப் பெண்ணும் நானும்தான்.

ஜீவிதா கல்லு மாதிரி நின்றாள். விரல்களை மடக்கி இறுக்கி வைத்திருந்தாள். முந்தைய இரண்டு ஆல்பமும் என் கண் முன்னால் வந்து நின்றன. தாடையைக் கொஞ்சம் தூக்கு என்றேன். தோளைத் தளர்த்து என்றேன். அவள் உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"அண்ணே, உங்க போன்ல ஒரே ஒரு கால் பண்ணிக்கிறவா?"

"யாருக்கும்மா?"

"எங்க அக்காவுக்கு. பவித்ரா. திருச்சியில இருக்கா. வேற மதத்துல கட்டிக்கிட்டான்னு இவங்க தல முழுகிட்டாங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ணே. மாமா கெட்டவரு இல்ல, ஆனா தூக்கி வளத்தவருண்ணே அவரு. போனையும் புடுங்கி வச்சுட்டாங்க. அக்கா வந்தா என்னையக் கூட்டிட்டுப் போயிருவா."

"இப்ப பேசுனா அப்பா பாத்துருவாரு. நம்பரைச் சொல்லு, நான் பேசிச் சொல்லிர்றேன்."

அவள் சொன்னாள். லென்ஸைச் சரி செய்கிற மாதிரி குனிந்து, என் போனில் ஏற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காபி கொடுத்தார்கள். நான் டம்ளரோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். போனை எடுத்தேன், நம்பரையும் எடுத்தேன். அப்புறம் நடக்கப்போவதை ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். அக்கா வருவாள். சத்தம் வரும். கல்யாணம் நிற்கும். கல்யாணம் நின்றால் பிளக்ஸ் கிடையாது, ஆல்பம் கிடையாது. போட்டோக்காரன்தான் சொல்லிக்கொடுத்தான் என்று தெரிந்தால் திண்டுக்கல்லைச் சுற்றி ஒரு வீட்டில் என்னைப் படியேற விடமாட்டார்கள். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் செத்த நேரம்தான் இருக்கும். பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்துச் சொன்னதாக நினைக்காதீர்கள். வாயில் வந்தது.

"சொல்லிட்டேன்மா. அக்கா வாராங்க."

மேடம், நான் அதுவரை எந்த முகத்திலும் அதைப் பார்த்ததில்லை. முதலில் கண்ணில் வந்தது, பிறகுதான் உதட்டுக்கு வந்தது. மடக்கியிருந்த விரல்கள் பிரிந்து, ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போனது. சாய்ந்த வெயில் சரியாகக் கன்னத்தில் விழுந்தது. என் விரல் அதுபாட்டுக்கு அழுத்திவிட்டது. அந்தப் படத்தைத்தான் நீங்கள் பிளக்ஸில் பார்த்தீர்கள். அதை முதன்முதலில் கேமராவின் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. "அக்கா போன்ல அழுதாங்கம்மா, உன்னைய நெனச்சு" என்றேன். கண்ணில் நீர் கோத்தது. விழாமல் நிற்கிற நீர், எடுக்கக் கிடைக்காத படம். "பயப்படாதேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். முதுகு நிமிர்ந்தது. ராமர் வந்தார். அவர் பக்கத்தில் அவள் ஒரு கை தள்ளியே நின்றாள். நான் அவள் பூவைச் சரி செய்கிற சாக்கில் போய், "அக்கா வர்ற வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது, நெருங்கி நில்லும்மா" என்றேன். நெருங்கி நின்றாள். அவர் தோளில் தலையைச் சாய்க்கச் சொன்னேன். அதையும் செய்தாள். என்ன சொன்னாலும் செய்தாள். அந்த மாதிரி ஒருத்தர் கேமராவுக்கு முன்னால் அமைவது எங்களுக்குப் பெரிய பாக்கியம்.

கிளம்புகிற நேரத்தில் ராமர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படத்தைக் காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுக்குள்ள வச்சுக்கங்க. அந்தப் புள்ளைக்கு இதுல இஷ்டமிருக்கா இல்லையான்னு எனக்குப் பெரிய கலக்கமா இருந்துச்சு. எங்க அக்கா, புள்ளையோட அம்மாகிட்டயும் மச்சான்கிட்டயும் பேசி நிறுத்திரலாம்னுகூட இருந்தேன். இதப் பாத்த பெறகுதான் நிம்மதி."

"நல்லா இருப்பீங்க மாப்பிள்ளை" என்றேன். நல்ல மனுஷர். அவரை நீங்கள் அதிகம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் நல்லது.

கல்யாணம் வத்தலக்குண்டில் ஒரு மண்டபத்தில். காலையில் அலங்கார அறையில் படம் எடுக்கப் போனேன். எல்லாரையும் வெளியே அனுப்பினேன், அது என் உரிமை என்று சொன்னேனே. கதவு சாத்தினதும் அவள், "அக்கா எங்கண்ணே?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டிருக்கவில்லை என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"ட்ரெயின்ல வந்துக்கிட்டிருக்காங்க. கொடைரோட்டுல எறங்கி ஆட்டோ புடிச்சு நேரா இங்கதான். கூட ஆளுங்களும் வாராங்களாம். நீ மேடையில போயி உக்காரு. எதையும் மறுத்துப் பேசிராத, உன்னைய ரூமுல போட்டுப் பூட்டிட்டா அக்கா வந்தும் பிரயோசனமில்ல."

"தாலி கட்டுறதுக்குள்ள வந்துருவாளாண்ணே?"

"வந்துருவாங்க."

அவள் பர்ஸிலோ மடியிலோ என்ன வைத்திருந்தாள், ஓட நினைத்திருந்தாளா, மேடையில் எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று கத்த நினைத்திருந்தாளா, எனக்குத் தெரியாது. நான் சொன்னதும் அதையெல்லாம் விட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. அமைதியாக நடந்து போய் மணவறையில் உட்கார்ந்தாள். பெண் எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். நான் கேமராவோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும்போதெல்லாம் அவள் கண் என் மேலேயே இருந்தது. நான் மெதுவாகத் தலையாட்டுவேன். அவளும் ஆட்டுவாள்.

இப்போது தாலி கட்டுகிற இடத்துக்கு வருகிறேன். அங்கே எங்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எல்லாப் பெண்ணும் தலையைக் குனிந்துகொள்ளும். குனியாவிட்டால் பின்னால் நிற்கிற பெண்கள் அழுத்திக் குனிய வைப்பார்கள். மாலையும் பூவும் மறைத்து, கல்யாணத்தின் முக்கியமான படத்தில் முகமே இருக்காது. கெட்டிமேளம் கொட்டினார்கள். ராமர் தாலியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜீவிதா குனிந்தாள், உதடு பிரிந்தது. கத்தப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஒரு கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் இருந்த மண்டப வாசலைக் காட்டினேன். உதட்டை மட்டும் அசைத்து, "வந்துட்டாங்க" என்றேன்.

அவள் முகத்தைத் தூக்கினாள். வாசலைத் தேடினாள். மகளுக்கு அன்றைக்கு வந்த அதே முகம். ராமர் முடிச்சுப் போட்டது அவளுக்குத் தெரியவே இல்லை, அவள் கூட்டத்துக்குள் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தாள். அரிசியும் பூவும் மேலே விழுந்துகொண்டிருந்தன. பிறகு அவள் மெதுவாகக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் படங்களும் என்னிடம் இருக்கின்றன. ஆல்பத்தில் வைக்கவில்லை, வைத்தால் மற்ற படங்களோடு ஒட்டாது.

ஆல்பத்தை முடித்து நானே கன்னிவாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராமர் வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட எழவு வீடு என்று சொல்லவில்லை. அங்கேயே இரண்டு வீட்டார் தேதி சொல்லிவிட்டார்கள். ஜீவிதா உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. தலைவலி என்றார்கள். அவளைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள் என்று கேள்விப்பட்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பா பெயரைச் சொல்லவில்லை, ராமர் பெயரையும் சொல்லவில்லை, "போட்டோக்காரண்ணன், போட்டோக்காரண்ணன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். நீங்கள் முதலில் வேறு மாதிரி நினைத்தீர்கள். அப்படி எதுவும் கிடையாது. அவள் மேல் என் விரல்கூடப் பட்டதில்லை. அவளுக்கு நான் பூவைச் சரி செய்ததுகூடச் சாக்குத்தான், தொடவில்லை.

அவள் போன அன்றைக்குச் சோலைமலை ஐயா எனக்குப் போன் செய்தார். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் வேண்டும் என்றார். "அந்தச் சிரிச்ச படத்தையே போட்டுருங்க தம்பி, எம்புள்ள அதுலதான் நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பின்னால் இருந்த மல்லிகைச் செடியை எடுத்துவிட்டு, நீல நிறம் கொடுத்து அனுப்பினேன். நெற்றியில் பொட்டு லேசாகச் சாய்ந்திருந்தது, அதையும் நேராக்கினேன்.

இனி பவித்ரா. காலையில் நீங்கள் கேட்டபோது, அவளிடம் நான் பேசியதே இல்லை என்றேன். இப்போது அவள் போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டீர்கள். ஆக, மறைக்க ஒன்றுமில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை என்பது உண்மை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிளக்ஸைக் கட்டினார்கள். கீழே என் ஸ்டூடியோ பெயரும் நம்பரும் இருக்கும், அது வழக்கம். ஊரில் யாரோ தோழி தூரத்திலிருந்து அதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். பிளக்ஸ் காற்றில் மடங்கி, ஜீவிதாவின் முகம் பாதிதான் தெரிந்திருக்கிறது, நம்பர் முழுசாகத் தெரிந்திருக்கிறது. மதியம் போன் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நான் ஜீவிதாவோட அக்கா. வீட்டுல யாரும் எங்கிட்டப் பேசமாட்டாங்க. கல்யாணமே இப்பத்தான் எனக்குத் தெரியும். நீங்க பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்க. அவ சம்மதத்தோடதான் நடக்குதா? இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே வண்டி புடிச்சு வந்துர்றேன். அவளுக்கு சந்தோஷம்னா, நான் வந்து குறுக்க நின்னு அதக் கெடுக்கமாட்டேன்."

திருச்சியிலிருந்து வர அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். முகூர்த்தத்துக்கு நிறைய நேரம் இருந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "நான் ஒண்ணு அனுப்புறேன், நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு, ஜீவிதா சிரித்த அந்தப் படத்தை முழு அளவில் அனுப்பினேன். அக்கா வருகிறாள் என்று கேட்டுச் சிரித்தாளே, அந்தப் படம்.

பவித்ரா பார்த்துவிட்டுப் பதில் போட்டிருந்தாள். அதை நீங்களே வாசித்திருப்பீர்கள். 'இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லண்ணா. இது போதும். நான் வரல.'

அதனால்தான் சொல்கிறேன், மேடம். அந்தத் தங்கையிடம் வேண்டுமானால் நான் ஏதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எடுத்த படத்தை, எடுத்தபடியே, ஒரு திருத்தமும் செய்யாமல்தான் அனுப்பினேன்.